தொட்டிலும் தொழிலும்: மிர்டால் தம்பதியர் எழுப்பிய வினா

ஒரு நாட்டில் பிறப்பு குறைந்தால் பழி யார் மீது விழும்? பெரும்பாலும் பெண்கள் மீதே விழும். வேலைக்குப் போகிறார்கள், வீட்டை மறந்தார்கள், தாய்மையை வெறுத்தார்கள் என்று பேசுவது எளிது. 1930-களில் சுவீடன் நாட்டிலும் அப்பேச்சே எழுந்தது. அதை ஆராய்ந்து, பழியைப் பெண்ணின் தலையிலிருந்து இறக்கிவைக்க முயன்றவர்கள் ஒரு கணவனும் மனைவியும் ஆவர். கணவர் குன்னர் மிர்டால், பொருளியல் அறிஞர். மனைவி ஆல்வா மிர்டால், கல்வியிலும் சமூக ஆய்விலும் ஈடுபட்டவர்.

அக்காலச் சுவீடனின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்தது. மக்களில் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 14 குழந்தைகளே பிறந்தன. நாட்டு மக்கள் அருகிப் போவர் என்று பழமைவாதிகள் அஞ்சினர். தொழிலாளர் பக்கத்திலோ, பிள்ளைகள் குறைந்தால் வறுமையும் குறையும் என்று நம்பினோர் பலர். மணமான பெண்களின் வேலை உரிமையைக் கட்டுப்படுத்தவேண்டும் என்ற கோரிக்கைகளும் நாடாளுமன்றத்தில் எழுந்தன.

இந்நிலையில் 1934ஆம் ஆண்டில் இருவரும் ‘மக்கள் தொகைப் பிரச்சினையில் நெருக்கடி’ என்று பொருள்படும் தலைப்பில் நூலொன்றை வெளியிட்டனர். அதன் வாதம் எளியது. முன்னாளில் உழவர் குடும்பத்தில் பிள்ளை வயலில் உழைத்தான். முதுமையில் பெற்றோரைத் தாங்கினான். தொழில் நகரத்திலோ பிள்ளையால் செலவே மிகுதி. உணவும் உடையும் வேண்டும், பள்ளிக்கு அனுப்பவேண்டும், பெரிய வீடு வேண்டும், தாயின் சம்பளமும் நின்றுபோகலாம். ஆனால் அப்பிள்ளை வளர்ந்து உழைக்கும்போது நாடு முழுவதும் பயன்பெறுகிறது. ஆதாயம் எல்லாருக்கும், செலவு பெற்றோருக்கு மட்டும் என்றால் பெற்றோர் கணக்குப் பார்க்கத்தான் செய்வர். அவர்களைக் குற்றங்கூறுவதால் பயனில்லை; செலவை நாடே பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பது அவர்கள் முடிவு.

வேலை பற்றிய வாதத்தையும் அவர்கள் திருப்பிப் போட்டனர். மணமான பெண் வேலை செய்யலாமா என்று பிறர் கேட்டனர். வேலை செய்யும் பெண், வேலையை இழக்காமல் மணம் புரிந்து பிள்ளை பெற இயலுமா என்று இவர்கள் கேட்டனர். மணந்தால் வேலை போகும் என்றால் அவள் மணத்தைத் தள்ளிவைப்பாள். கருவுற்றால் வேலை போகும் என்றால் பிள்ளையைத் தவிர்ப்பாள். ஆகவே பெண்ணை வேலையிலிருந்து விலக்குவது பிறப்பைக் கூட்டாது என்பது அவர்கள் காட்டிய உண்மை.

இக்கருத்துக்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1935இல் அரசு மக்கள் தொகை ஆணைக்குழுவை அமைத்தது. குன்னர் அதன் உறுப்பினரானார். பெண்களின் தொழில் பற்றி ஆராய்ந்த மற்றொரு குழுவுக்குக் கெர்ஸ்டின் ஹெசல்கிரென் அம்மையார் தலைவர், ஆல்வா செயலாளர். 1937இல் தாய்மார்க்கு உதவித்தொகையும் இலவசப் பேறுகாலக் கவனிப்பும் வழங்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. பிள்ளை பெறுவது பெற்றோரின் விருப்பமாக இருக்கவேண்டும் என்பதும் தம்பதியரின் கொள்கை. கருத்தடை பற்றிய பிரசாரத்துக்கு 1910 முதல் இருந்த தடை 1938இல் நீங்கியது. மறு ஆண்டில், நிச்சயதார்த்தம், திருமணம், கருவுறுதல் ஆகியவற்றைக் காரணம் காட்டிப் பெண்ணை வேலைநீக்கம் செய்வதைச் சட்டம் தடுத்தது. 1948 முதல் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆண்டுக்கு 260 குரோனர், செல்வர் ஏழை என்ற பேதமின்றி வழங்கப்பட்டது.

தாய் வேலைக்குச் சென்றால் குழந்தையை யார் பார்ப்பது? இவ்வினாவையும் ஆல்வா விட்டுவிடவில்லை. 1935இல் ஸ்டாக்ஹோமில் ஸ்வென் மார்க்கேலியுஸ் என்னும் கட்டிடக் கலைஞர் எழுப்பிய கூட்டுக் குடியிருப்பின் திட்டத்தில் அவருக்குப் பங்குண்டு. அங்கே பொதுச் சமையலறையும் குழந்தைகள் காப்பகமும் இருந்தன. சமைத்த உணவு சிறு தூக்கிகள் வழியே வீடுகளுக்குச் சென்றது. 1936இல் பாலர் பள்ளி ஆசிரியர்க்கெனப் பயிற்சிக் கல்லூரி ஒன்றையும் ஆல்வா நிறுவினார். குழந்தை வளர்ப்பைக் கற்றறிந்த தொழிலாக மதித்தவர் அவர்.

இவ்வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையாகாது. நாட்டுக்குப் பிள்ளைகள் தேவை என்று கணக்கிட்ட அதே காலத்தில், யார் பெறக்கூடாது என்ற கணக்கும் போடப்பட்டது. 1934இல் இயற்றப்பட்டு 1941இல் விரிவாக்கப்பட்ட மலடாக்கும் சட்டங்களை மிர்டால் தம்பதியரும் ஆதரித்தனர். 1935 முதல் 1975 வரை ஏறத்தாழ 63,000 பேருக்கு அச்சிகிச்சை நடந்தது. பெரும்பாலோர் பெண்கள், வற்புறுத்தலுக்கு ஆளானோர் பலர். அவ்வாறு துன்புற்றோர்க்கு 1999இல் சுவீடன் இழப்பீடு வழங்க முன்வந்தது.

பின்னாளில் ஆல்வா 1955 முதல் 1961 வரை இந்தியாவில் சுவீடன் தூதராகப் பணியாற்றினார். ஆசிய நாடுகளின் வறுமையை ஆராய்ந்து குன்னர் 1968இல் வெளியிட்ட பெருநூலில் மலாயாவும் இடம்பெற்றது. 1974இல் அவர் பொருளியலுக்கும், 1982இல் ஆல்வா அமைதிக்கும் நோபல் பரிசு பெற்றனர். இரண்டும் பிறரோடு பகிர்ந்தவை. அதே 1974இல் சுவீடன், பிள்ளை வளர்ப்புக்கான சம்பள விடுப்பைத் தந்தைக்கும் உரியதாக்கியது.

பிறப்பு குறைகிறது என்ற கவலை இன்று ஆசிய நாடுகள் பலவற்றிலும் கேட்கிறது. பெண்களுக்கு அறிவுரை கூறுமுன், ஒரு பிள்ளையை வளர்க்க ஆகும் செலவையும் உழைப்பையும் யார் சுமக்கிறார்கள் என்று ஆராய்வதே முறை. அந்த ஆராய்ச்சியில் தாயை நாட்டின் கருவியாக எண்ணிவிடாதிருப்பதும் அறிஞர் கடமையாகும்.