கோயிற் கதவுக்கு வெளியே: பண்டை எகிப்தியரின் அன்றாடச் சமயம்

பண்டை எகிப்தியரின் சமயத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கர்னாக் போன்ற பெருங்கோயில்களிலிருந்தே தொடங்குவர். ஆனால் அக்கோயிலின் கருவறையை ஓர் எகிப்திய உழவனோ கொல்லனோ தன் வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிருக்க மாட்டான். எகிப்தியர் கருத்தில் கோயில் என்பது தெய்வம் குடியிருக்கும் மனை. மக்கள் கூடி வழிபடும் இடமன்று. அங்கே நாள்தோறும் பூசகர் முத்திரையை உடைத்துக் கதவைத் திறப்பார். திருவுருவைத் தூய்மை செய்து, ஆடை அணிவித்து, உணவு படைப்பார். பின்னர்த் தம் காலடிச் சுவடுகளையும் துடைத்துவிட்டுக் கதவை மீண்டும் அடைப்பார். பூசகரின் தூய்மை நெறிகளும் கடுமையானவை. அவர்கள் உடல் முழுவதும் மழித்துக்கொள்வர், பகலில் இருமுறையும் இரவில் இருமுறையும் நீராடுவர், சணல் நாராடையும் பாப்பிரஸ் மிதியடியும் மட்டுமே அணிவர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியுள்ளார்.

அப்படியானால், கதவுக்கு வெளியே நின்றவன் தன் குறையை யாரிடம் முறையிட்டான்?

இதற்கு விடை தரும் ஊர் ஒன்று உண்டு. நைல் ஆற்றின் மேற்குக் கரையில், லக்சர் நகருக்கு எதிரே, தெய்ர் எல்-மதீனா என்னும் சிற்றூரின் இடிபாடுகள் உள்ளன. மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர் குடும்பங்கள் அங்கே ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் வாழ்ந்தன. பிரெஞ்சு அறிஞர் பெர்னார்ட் புருயேர் 1922 முதல் அதனை அகழ்ந்தார். மதிலுக்குள் நெருக்கமாக அமைந்த அவ்வீடுகள் பலவற்றின் முன்னறையில் செங்கல்லால் கட்டிய உயர்ந்த மேடை ஒன்று காணப்படுகிறது. சில மேடைகளில் பேஸ் என்னும் தெய்வத்தின் உருவம் தீட்டப்பட்டுள்ளது: குள்ள உடல், சிங்கப் பிடரி, வெளியே நீட்டிய நாக்கு. பேஸும், கருவுற்ற நீர்யானை வடிவினளான தவெரெட்டும் பேறுகாலப் பெண்ணையும் பச்சிளங்குழந்தையையும் காப்பவர்கள். அம்மேடை பிள்ளைப்பேற்றுக்கு உரியது என்பர் சிலர்; வழிபாட்டுக்கு உரியது என்பர் வேறு சிலர். அவ்வூர்ப் பெண்களுக்கு இவ்விரண்டும் வெவ்வேறாகத் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. ஊருக்குக் கிழக்கேயுள்ள சரிவில், கூடைகளிலும் சாடிகளிலும் வைத்துப் புதைக்கப்பட்ட சிசுக்களின் எலும்புகள் கிடைத்துள்ளன. பேஸின் கோமாளி முகத்தின் முன் எத்தகைய அச்சத்தோடு அவர்கள் நின்றார்கள் என்பதை அச்சரிவு சொல்லும்.

இறந்த முன்னோரும் அவ்வில்லங்களில் வழிபடப்பட்டனர். மார்பளவுச் சிறு சிலைகளும் முன்னோர் பெயர் பொறித்த பலகைக் கற்களும் அங்கே கிடைத்துள்ளன. இரண்டாம் ராமசேஸின் 40ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட தொழிலாளர் வருகைக் குறிப்பு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. பணிக்கு வராமைக்கு அதில் கூறப்படும் காரணங்கள் சுவையானவை: ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவன் இறந்த உறவினரின் உடலைப் பதப்படுத்தினான், ஒருவன் தன் தெய்வத்துக்குப் படையலிட்டான். தேள்கடியையும் படையலையும் எழுத்தர் ஒரே முறையில் பதிந்துள்ளார்.

திருவிழா நாட்களில் மட்டும் தெய்வம் வெளியே வந்தது. படகு வடிவப் பல்லக்கில் மூடப்பட்டுத் தோள்களில் பவனி வந்த அத்தெய்வத்திடம் மக்கள் வழக்குகளையும் வைத்தனர். பல்லக்கு முன் நகர்ந்தால் ‘ஆம்’, பின்வாங்கினால் ‘இல்லை’. ஒரு காவலனிடமிருந்து ஐந்து வண்ண ஆடைகள் களவு போயின. அவன் பவனியில் வந்த ஆமுன் முன் ஊரார் பெயர்களைப் படித்தான். ஓர் உழவனின் பெயரில் தெய்வம் அசைந்தது. உழவனோ மறுத்து, வேறோர் ஊர் ஆமுனிடம் மேல்முறையீடு செய்தான். அங்கும் அதே தீர்ப்பு. மூன்றாம் ஆமுனும் கைவிட்ட பின்னரே குற்றத்தை ஒப்புக்கொண்டான். பல்லக்கைச் சுமந்தவர்களும் அப்பகுதி மக்களே என்பதால் இதனை எளிதில் நகையாடலாம். ஆயினும் ஊரறிந்த உண்மையை யாரும் பகைமை தேடாமல் வெளிப்படுத்த அவர்களுக்கு அது ஒரு வழியாயிற்று என்றே கருதத் தோன்றுகிறது.

பவனி இல்லாத நாட்களில்? கர்னாக் கோயிலின் பின்மதிலை ஒட்டி, வேண்டுதலைக் கேட்கும் ஆமுனுக்கென்றே ஒரு சிறுகோயில் இருந்தது. காதுகள் பொறித்த கற்களை மக்கள் நாட்டினர். தெய்வம் செவிசாய்க்க வேண்டுமென்பதே கருத்து. தெய்ர் எல்-மதீனாவின் தொழிலாளி நெஃபெராபு நாட்டிய கல் இவ்வகையில் தனித்து நிற்கிறது. ப்தா தெய்வத்தின் பெயரால் தான் பொய்யாணை இட்டதாகவும், அதனால் பகலிலேயே தன் கண்ணில் இருள் சூழ்ந்ததாகவும் அவன் அதில் அறிக்கையிடுகிறான். ஊரை நோக்கி நிற்கும் மலைமுகட்டின் நாகதெய்வம் மெரெட்செகெர். ‘மௌனத்தை விரும்புபவள்’ என்பது அப்பெயரின் பொருள். அவளுக்கும் தான் பிழை செய்து தண்டனையுற்று, பின் அருள் பெற்றதை அவன் மற்றொரு கல்லில் எழுதினான். மன்னர்தம் கல்வெட்டுகளில் பிழையை ஒப்புக்கொள்ளும் குரலைக் காண்பது அரிது. நெஃபெராபுவோ தன் பொய்யை அண்டை வீட்டார் படிக்கும்படி கல்லில் வெட்டிவைத்தான்.

இறந்தோருக்கும் எகிப்தியர் கடிதம் எழுதினர். லைடன் அருங்காட்சியகத்தில் உள்ள பாப்பிரஸ் ஒன்று, அன்கிரி என்னும் இறந்த மனைவிக்கு அவள் கணவன் எழுதியது. தனக்கு நேரும் துன்பங்கள் அவளது சினத்தால் வருவன என எண்ணி அவன் வழக்குரைக்கிறான்: உயர்பதவி அடைந்தபோதும் உன்னைக் கைவிடவில்லை, நீ நோயுற்றபோது மருத்துவரை அழைத்துவந்தேன், நீ இறந்தபின் மூன்றாண்டுகள் வேறு மனை புகாமல் தனித்திருக்கிறேன், ஏன் எனக்குத் தீங்கு செய்கிறாய்? அவன் இக்கடிதத்தைப் பூசகர் எவரிடமும் கொடுக்கவில்லை. ஒரு பெண்ணின் சிறு மரச்சிலையோடு பிணைத்து வைத்தான்.