அகராதியிலிருந்து அலுவலக மேசை வரை

பணிநேரத்தில் ஒருவர் தம் கைப்பேசியை எடுத்து வீட்டாருக்குச் செய்தி அனுப்புகிறார். இணையத்தில் பொருள் வாங்குகிறார். இது எவ்வகை ஆளுமையின் வெளிப்பாடு? மேலாண்மையியலிலும் உளவியலிலும் ஆய்வு மேற்கொள்வோர் பலர் எழுப்பும் வினா இது. விடை காண அவர்கள் கையாளுபவை இரண்டு: ஐம்பெரும் பண்புகளை அளக்கும் வினாநிரல், ‘சைபர்லோஃபிங்’ என்னும் கருத்தாக்கம். இரண்டின் வரலாறும் ஆங்கிலச் சொற்களில் தொடங்குகிறது என்பது மொழியியல் பயின்றோர் கவனிக்கத்தக்கது.

மனிதருக்கு முக்கியமான குணவேறுபாடுகள் யாவும் மொழியில் சொற்களாகப் படிந்திருக்கும் என்பது சொல்வளக் கருதுகோள். 1884இல் பிரான்சிஸ் கால்டன் ரோஜெயின் சொற்களஞ்சியத்தைப் புரட்டி, குணத்தைச் சுட்டும் சொற்கள் ஆயிரமாவது இருக்கும் என மதிப்பிட்டார். 1936இல் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஓட்பர்ட்டும் வெப்ஸ்டர் அகராதியிலிருந்து 17,953 சொற்களைத் திரட்டினர். நிலையான பண்புகளைக் குறிப்பவை என அவற்றுள் பிரித்தெடுத்தவை 4,504. 1940களில் ரேமண்ட் கேட்டல் இவற்றை 35 தொகுதிகளாகச் சுருக்கினார். 1961இல் அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு செய்த டியூப்ஸ், கிறிஸ்டல் இருவரும் ஐந்து காரணிகளைக் கண்டனர். 1981இல் லூயிஸ் கோல்ட்பர்க் அவற்றுக்கு ‘பிக் ஃபைவ்’ எனப் பெயரிட்டார். 1991இல் பாரிக், மவுண்ட் ஆகியோர் 117 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, எல்லாத் தொழிற்பிரிவுகளிலும் பணித்திறனோடு தொடர்புடைய பண்பு பொறுப்புணர்வே என்றனர். அகராதியில் தொடங்கிய கருவி இவ்வாறு பணியாளரை எடைபோடும் கருவியாயிற்று.

மற்றொரு சொல்லின் கதை வேறு. தொழிலாளர் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதை 1911இல் ஃபிரெடரிக் டெய்லர் ‘சோல்ஜரிங்’ என்று குறித்தார். குழுவில் சேரும்போது தனிமனிதர் முயற்சி குறைவதை 1979இல் லட்டானேயும் உடன் ஆய்வாளர்களும் ‘சோஷியல் லோஃபிங்’ என்றனர். இணையம் வந்தபின் ‘லோஃபிங்’ என்பதன் முன் ‘சைபர்’ சேர்ந்தது. வேலை செய்யாது பொழுதை வீணாக்குதல் என்பதே அதன் பொருள். நம் அலுவலக வழக்கில் ஓபி அடித்தல். ஆய்வு தொடங்குமுன்பே பெயர் தீர்ப்பளித்துவிடுகிறது.

எனினும், 2002இல் சிங்கப்பூரிலிருந்து விவியன் லிம் வெளியிட்ட ஆய்வு பணியாளரை மட்டும் நோக்கவில்லை. நிறுவனம் தமக்கு அநீதி இழைத்ததாகக் கருதுவோர் மனத்துள் ஒரு பேரேடு வைத்துக்கொள்கின்றனர்; கூடுதலாக உழைத்த நேரம் வரவு, இணையத்தில் கழித்த நேரம் செலவு. கேள்வி இங்கே நிறுவனத்தின் நீதியை நோக்கியும் திரும்புகிறது.

பின்வந்த ஆய்வுகள் பல, பொறுப்புணர்வு குறைந்தோரிடம் இப்பழக்கம் மிகுதி என்கின்றன. ஆனால் பரவலாகப் பயன்படும் 44 கூற்றுகள் கொண்ட பிக் ஃபைவ் வினாநிரலைப் பாருங்கள். சோம்பல் உடையவர், எளிதில் கவனம் சிதறுபவர் என்ற பொருளில் அமைந்த கூற்றுகளும் பொறுப்புணர்வை அளக்கவே அங்கு இடம்பெறுகின்றன. சோம்பலைக் கேட்டுப் பெற்ற மதிப்பெண், சோம்பல் எனப் பெயரிடப்பட்ட செயலோடு ஒத்துப்போவதில் வியப்பென்ன? அத்தொடர்பில் ஒரு பகுதியேனும் வினாக்களின் சொற்பொருளிலிருந்தே வருவது.

மொழி மாறும்போது சிக்கல் கூடுகிறது. 2004இல் ஆஷ்டனும் லீயும் உடன் ஆய்வாளர்களும் ஏழு மொழிகளின் பண்புச்சொற்களை ஒப்பிட்டு ஆறு காரணிகளை முன்வைத்தனர். இந்திச் சொற்களைக் கொண்டு ஆளுமை அமைப்பை ஆராய்ந்த கட்டுரை 2013இல் வெளிவந்தது. நம்மிடையேயோ, ஆங்கில வினாநிரலை மொழிபெயர்த்துப் பயன்படுத்துவதோடு பணி முடிந்துவிடுகிறது. தமிழில் ‘பொறுப்பான பெண்’, ‘பொறுப்பான பிள்ளை’ என்றால் குடும்பத்தைத் தாங்குபவர் என்பதும் பொருள். பணியிடையே பள்ளியிலிருந்து வரும் அழைப்பை எடுக்கும் தாய், தமிழ் வழக்கில் பொறுப்புள்ளவர். அலுவலக அளவுகோலில் நேரத்தை வீணாக்குபவர். மொழிபெயர்த்த ஒரே சொல் இவ்விரண்டில் எதை அளக்கிறது?

இத்தகைய மதிப்பெண்கள் ஒருவரின் பணி நியமனத்தையும் பதவி உயர்வையும் தொடக்கூடியவை. ஆகவே ஆய்வேட்டுக்குத் தரவு திரட்டும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நம்பகத்தன்மைக் கெழுவைக் கணக்கிடுமுன், பதிலளிப்போர் சிலருடன் அமர்ந்து, ஒவ்வொரு கூற்றையும் அவர்கள் எவ்வாறு பொருள்கொள்கிறார்கள் எனக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இத்துறையில் உள்ளோரின் மறுப்புகளையும் திருத்தங்களையும் வரவேற்கிறேன்.