நேட்டாலில் தலைப்பாகை: ஒப்பந்தக் கூலியும் வணிகரும் உடுத்திய அடையாளம் (1860–1915)

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தம் செய்யப்பட்ட முதல் இந்தியத் தொழிலாளர்கள் அதில் வந்திறங்கினர். சில நாள் கழித்து அந்தக் காட்சியை எழுதிய 'நேட்டால் மெர்குரி' இதழ், ஆண்களின் பெரிய மஸ்லின் தலைப்பாகைகளையும் மெலிந்த வெற்றுக் கால்களையும் வண்ண ஆடைகளையும் ஏளனம் கலந்த வியப்போடு குறித்து வைத்தது. அரசுப் பதிவேடோ வேறு வகையில் கவனமாக இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு என எல்லாம் அதில் உண்டு; உடைக்கு மட்டும் பத்தி இல்லை. ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒரு நேட்டால் இந்தியர் யார் என்பதை நீதிமன்றமும் தெருவும் பெரும்பாலும் அவர் உடையைப் பார்த்தே முடிவு செய்தன.

புலம்பெயர்ந்தோரின் உடையைத் தாயக நினைவின் எச்சமாக வாசிப்பது நம் ஆய்வுகளில் பழகிப்போன ஒன்று. நேட்டால் சான்றுகள் அதற்கு எளிதில் பிடிகொடுப்பதில்லை. அங்கே ஒருவர் எதை உடுத்தினார் என்பதில், தம்மை யார் என்று பிறர் தவறாக எண்ணிவிடக் கூடாது என்ற கவலைக்குப் பெரும்பங்கு இருந்தது.

1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத்தில் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். 1870களிலிருந்து, சொந்தச் செலவில் கப்பலேறிய குஜராத்தி வணிகர்கள் பின்தொடர்ந்தனர். இவர்களில் முஸ்லிம்களே மிகுதி. வெள்ளையர் கண்ணுக்கு இரு சாராரும் 'கூலி'கள்தாம். தமிழ்ப் பெயர்களின் ஈற்றில் வரும் 'சாமி'யைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் 'சாமி' என்று கூப்பிடும் வழக்கமும் இருந்தது. இந்தப் பெயரிலிருந்து தப்பிக்க முஸ்லிம் வணிகர்கள் நீண்ட அங்கி அணிந்து தங்களை 'அரபியர்' என்றனர். பார்சிகள் 'பாரசீகர்' ஆயினர். இடையில் இருந்த இந்துக் குமாஸ்தாக்கள் அரபியரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தோட்டத்துத் தமிழருக்குச் சேர்ந்துகொள்ள வேறு பெயர் எதுவும் இல்லை.

இந்த ஏற்பாட்டின் கூர்மை 1893 மே மாதத்தில் வெளிப்பட்டது. தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காக டர்பன் வந்திருந்த காந்தி, நீள் கோட்டும் வங்காளப் பாணித் தலைப்பாகையுமாக நீதிமன்றத்தில் போய் அமர்ந்தார். நீதிபதி அவரை உற்றுப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார். காந்தி மறுத்து வெளியேறினார். அதன் பின்னால் இருந்த விதியை நிறுவன உரிமையாளர் அப்துல்லா சேட் விளக்கினார்: முஸ்லிம் உடையில் வருபவர் தலைப்பாகையோடு இருக்கலாம், மற்ற இந்தியர் நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றியாக வேண்டும். அதாவது ஒரே முழத் துணி, உடன் அணிந்த அங்கியைப் பொறுத்து ஒருவர் தலையில் மரியாதையாகவும் இன்னொருவர் தலையில் அவமரியாதையாகவும் கொள்ளப்பட்டது. தொப்பிக்கு மாறிவிடலாமா என்று காந்தி யோசித்தபோது சேட் தடுத்தார். ஆங்கிலத் தொப்பி வைத்தால் உணவு விடுதிப் பரிசாரகர் என்றே நினைப்பார்கள் என்றார். ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளைகளாய்ப் பிறந்து கிறிஸ்தவரானவர்களில் பலர் அந்த வேலையில் ஆங்கில உடையோடு இருந்தனர். சேட்டின் அறிவுரையில் தன்மானமும் உண்டு. ஏழைக் கிறிஸ்தவர் மீதான இளக்காரமும் உண்டு. இரண்டாவதை நம் நூல்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

இதைச் சொல்லும் காந்தியின் தன்வரலாறு 'சத்திய சோதனை' முப்பதாண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதப்பட்டது. ஆனால் அந்த மே மாத இறுதியிலேயே உள்ளூர்ப் பத்திரிகை காந்தியை வேண்டாத விருந்தாளியாகச் சித்திரித்ததால் நிகழ்ச்சியின் மையத்தை நம்பலாம். அடுத்த ஆண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டபோது தலைமை நீதிபதி அதே கோரிக்கையை வைத்தார். இம்முறை காந்தி இணங்கினார். சேட்டுக்கும் நண்பர்களுக்கும் அது பிடிக்கவில்லை.

அதே 1894இல், தொழில் தொடங்கிய சில மாதங்களுக்குள், காந்தியின் அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்தார். கிழிந்த உடை, உடைந்த இரண்டு முன்பற்கள், ரத்தம் கசியும் வாய், கையில் முண்டாசுத் துணி. பெயர் பாலசுந்தரம், முதலாளி அடித்திருந்தார். காந்தியின் குமாஸ்தா தமிழர் என்பதால் நடந்ததைத் தெளிவாகக் கேட்டறிய முடிந்தது. வழக்கின் முடிவில் பாலசுந்தரம் வேறு முதலாளிக்கு மாற்றப்பட்டார். அந்த முண்டாசுதான் இங்கே நம் சான்று. ஒப்பந்தத் தொழிலாளி ஒரு வெள்ளையர் முன் போகும்போது தலையில் எது இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். இரு கைகூப்பிக் கும்பிடுவதும் போதாது. பாலசுந்தரம் அந்த வழக்கத்தை இந்திய வக்கீலிடமும் கடைப்பிடித்தார். காந்தி கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டிய பாலசுந்தரத்தின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாக காந்தி எழுதுகிறார். தலைப்பாகை பற்றிய பேச்சு அதுவரை வணிகரும் வக்கீலும் தமக்கான விலக்கைக் கேட்பதாக இருந்தது. தோட்டத் தொழிலாளியின் தலை அதற்குள் வந்தது இங்கேதான்.

வந்ததும் நிலைத்துவிடவில்லை. 1896இல் குடும்பத்தை நேட்டாலுக்கு அழைத்துச் சென்றபோது காந்தி அவர்கள் உடையைத் தாமே தீர்மானித்தார். நாகரிகமாகத் தோன்ற ஐரோப்பியப் பாணியை இயன்ற வரை நெருங்க வேண்டும் என்பது அப்போது அவர் கொள்கை. கத்தியவாரி வணிகச் சாதி உடை பொருந்தாது என்று, இந்தியருள் நாகரிகத்தில் முன்நின்றவராகக் கருதப்பட்ட பார்சிகளின் பாணியைத் தேர்ந்தார். மனைவி கஸ்தூரிபாவுக்குப் பார்சிச் சேலை. பிள்ளைகளுக்குப் பார்சிக் கோட்டும் கால்சட்டையும். எல்லோருக்கும் காலுறை, காலணி. காலணி விரல்களை நெருக்கியது, காலுறை வியர்வையில் நாறியது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். புண்ணான கால்களோ குடும்பத்தாருடையவை.

1897 ஜனவரி 13இல் அவர் கரையிறங்கியபோது வெள்ளையர் கும்பல் தாக்கியது. அன்றிரவு பார்சி ருஸ்தம்ஜியின் வீட்டைச் சூழ்ந்துகொண்டது. காவல் அதிகாரி அலெக்சாண்டரின் யோசனைப்படி காந்தி இந்தியக் காவலர் சீருடை அணிந்து தப்பினார். தலைக்கவசத்துக்கு ஒரு தட்டைத் தலையில் வைத்து, மதராசி அங்கவஸ்திரத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். ஏறத்தாழ நாற்பத்து நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நீதிமன்றத்தையே கலக்கிய தலைப்பாகைக்காரர், யார் கண்ணிலும் படாமல் போவதற்குத் தென்னாட்டுத் துணிதான் உதவிற்று!

1913இல் திசை முற்றிலும் மாறியது. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குவோர் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரியை எதிர்த்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களைத் தூண்டியதில் டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற, பெரும்பாலும் தமிழரான பெண்களுக்கு முதன்மைப் பங்குண்டு. வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சுடப்பட்ட செய்தி சிறையில் இருந்த காந்தியை எட்டியது. விடுதலையாகி டிசம்பர் 21இல் டர்பன் கூட்டத்துக்கு வந்தவர் இருபதாண்டுக் கோட்டையும் கால்சட்டையையும் விட்டிருந்தார். மழித்த தலை, வெறுங்கால், வெள்ளைச் சட்டை, இடுப்பில் வேட்டி. துக்கத்தின் அடையாளமாகத் தொழிலாளியின் உடையை ஏற்றதாக அவர் அறிவித்தார். கூலி என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக வணிகர் அங்கி தேடிய அதே ஊரில், கூலியாகவே எண்ணப்பட வேண்டும் என்று ஒரு பாரிஸ்டர் உடுத்தினார்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியதைத் தமிழகம் நன்கு அறியும். அதன் முன்கதை எட்டாண்டு முந்திய டர்பனில் இருக்கிறது. ஆனால் நேர்க்கோடாக இல்லை. 1914இல் இங்கிலாந்தில் தங்கியபோது தொழிலாளர் பாணி உடையை வீட்டுக்குள் மட்டுமே அணிந்ததாக அவர் பதிவு செய்கிறார். 1915 ஜனவரியில் பம்பாயில் இறங்கியபோது இந்திய ஆலைத் துணியில் தைத்த கத்தியவாரி அங்கி, வேட்டி. வணிகச் சாதி உடை மீண்டும் வந்தது; ஒப்பந்தத் தொழிலாளியின் உடை கடலோடு நின்றது.

நேட்டாலில் தங்கிவிட்டவர்களிடையே அடுத்த தலைமுறை ஆண்கள் வேலைக்குக் கால்சட்டையும் கோட்டும் போட்டனர். வேட்டி கோயிலுக்கும் காவடிக்கும் என்றாயிற்று. சேலையை விடாமல் காக்கும் பொறுப்பு பெண்கள் தலையில் விழுந்தது. அவர்களுக்கு எது தகும் என்று ஆண்கள் முடிவு செய்யும் வழக்கம், கஸ்தூரிபாவின் காலுறையிலேயே தொடங்கிவிட்டது.