சபுராளியின் பணம் கடந்து வந்த வழி

கடல் கடந்து பொருளீட்டச் சென்றவரைச் ‘சபுராளி’ என்றழைப்பது நம் கடற்கரை ஊர்களின் வழக்கு. பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’ என்னும் அரபுச் சொல் நம்மவர் நாவில் ‘சபுர்’ ஆயிற்று. சபுராளிகள் எந்த நாட்டுக்குச் சென்றனர், அங்கே என்ன வணிகம் செய்தனர் என்பன பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவர்கள் ஈட்டிய பணம் வீடு வந்து சேர்ந்த வழிக்கும் ஒரு வரலாறு உண்டு. மகனையோ கணவனையோ சபுருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்கள் அதை அறிந்திருப்பது நலம்.

தொலைவிலிருந்து பணம் அனுப்புவோர்க்கு முதலில் எழும் அச்சம் வழியைப் பற்றியது. கள்வர் பறிக்கலாம், கப்பல் கவிழலாம். இதற்கு அரபு வணிகர் கண்ட உபாயம் ‘ஸுஃப்தஜா’. ஓரூரில் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, வேற்றூரில் அவருடைய ஆளிடம் அதைப் பெற்றுக்கொள்வதற்காக எழுதி வாங்கும் சீட்டு அது. சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. ‘வழியின் ஆபத்து நீங்குதல்’ என்பதே அதன் நோக்கமாக ஃபிக்ஹு நூல்களில் கூறப்படுகிறது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடம் பணத்தைப் பெற்றுக்கொண்டு, இராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்கு எழுதிக் கொடுப்பார்கள் என்றும், மக்கள் அங்கே அவரிடம் பெற்றுக்கொள்வர் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது. கடன் கொடுத்தவர் அதனால் ஓர் ஆதாயம் அடைகிறாரே என்ற ஐயத்தினால் இமாம்களிடையே இது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. ஆயினும் வணிகர்கள் அதைக் கைவிடவில்லை.

பத்தாம் நூற்றாண்டின் பயணியான இப்னு ஹவ்கல், சஹாராவின் தென்விளிம்பிலிருந்த அவ்தகுஸ்து நகரத்து வணிகர் ஒருவர் மொராக்கோவின் ஸிஜில்மாஸா நகரத்தவர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த 42,000 தீனாருக்கான ‘ஸக்’கைத் தாம் கண்டதாக எழுதியுள்ளார். ஸக் என்பது எழுத்துப் பூர்வமான கடன் பத்திரம். இரு நகரங்களுக்கும் இடையில் கிடந்தது பெரும் பாலைவனம். அத்தனை பெருந்தொகையையும் ஒரு காகிதத்தின் மேல் எழுதிய பெயர்களே காத்து நின்றன.

நம் நாட்டில் அதே பணியை ஆற்றியது ‘உண்டியல்’. பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. அங்கே பணத்தைச் செலுத்தி ஊரில் பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. காலப்போக்கில் அத்தொழிலை வங்கிகளும் மேற்கொண்டன. 1937 பிப்ரவரி 10ஆம் நாள் மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஒரே நாளில் சென்னை, காரைக்குடி, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் கிளை திறந்தது. தமிழர் பணம் அந்நாளில் எவ்வழியே சென்று வந்தது என்பதை அம்மூன்று ஊர்ப் பெயர்களே சொல்லும்.

ஐந்தாண்டுகள் கழிந்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் கடையையும் சரக்கையும் விட்டுவிட்டு, பலர் கால்நடையாகவே தாயகம் நோக்கி வந்தனர். போருக்குப் பின் மீண்டும் சென்றவர்களுக்கு இரண்டாம் அடி காத்திருந்தது. 1963இல் நெ வின் அரசு வங்கிகளை அரசுடைமையாக்கியது. 1964இல் கடைகளும் அரசு வசமாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. வழியில் கள்வர் எவரும் இல்லை. பணம் இருந்த இடத்திலேயே மறைந்தது. அவ்வப்போது ஊருக்கு அனுப்பி வைத்தவர்க்கு அனுப்பிய மட்டும் மிஞ்சிற்று.

வளைகுடாவின் கதை வேறு. ஒரு காலத்தில் அங்கே வழங்கியதே இந்திய ரூபாய்தான். அதனைக் கொண்டு தங்கக் கடத்தல் பெருகவே, இந்தியா 1959இல் வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டதும் அந்நாடுகள் ரூபாயைக் கைவிட்டன. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் நம் இளைஞர்கள் அங்கே திரள் திரளாகச் சென்றனர். அவர்கள் சம்பளம் பெற்றது ரியாலிலும் திர்ஹத்திலும். வெளிநாட்டில் வாழும் இந்தியர் தாயகத்தில் பணம் சேர்ப்பதற்கென ‘என்.ஆர்.இ.’ கணக்கு 1970இலேயே ஏற்பட்டிருந்தது. எனினும் நம் வீடுகளில் அதை அறிந்தவர் சிலரே.

நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த 1980களில், பதிவுத் தபாலில் கடிதமும் டிராப்டும் வரும். படித்துக் காட்டும்படி பெண்கள் எங்களை அழைப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு தாயார் இருந்தார்கள். அவர்களுக்கு வங்கியில் கணக்கில்லை. ஆகவே டிராப்டுகள் யாவும் கணவருடைய மூத்த சகோதரர் பெயருக்கே வந்தன. அவற்றில் பலவற்றை நானே படித்துச் சொல்லியிருக்கிறேன். பல்லாண்டுகளுக்குப் பின் கணவர் ஊர் திரும்பினார். நிலம் இருந்தது; வீடும் இருந்தது; பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. சகோதரரும் கெட்டவரல்லர். ஆனால் அவர் மௌத்தான பின் பிள்ளைகள் பத்திரத்தைத்தான் பார்த்தார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி கூறும் வசனமே குர்ஆனில் மிக நீண்டது என்று அதற்குப் பின் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்தத் தாயாரின் முகம் என் நினைவுக்கு வரும்.

இன்று வழியின் ஆபத்து பெரிதும் நீங்கிவிட்டது. 2023 பிப்ரவரி 21 முதல் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இந்தியாவின் யுபிஐ முறையும் இணைக்கப்பட்டு, கைப்பேசியிலேயே பணம் வந்து சேர்கிறது. எஞ்சியிருப்பது பெயர் பற்றிய கவனம். சபுருக்குப் புறப்படுவோர் ஊரிலுள்ள சாதாரணக் கணக்கை அப்படியே விட்டுவைத்தலாகாது, அதை ‘என்.ஆர்.ஓ.’ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகை முதலிய ஊர் வருவாய் அதில் சேரும். வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு வேண்டும். அதிலுள்ள பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லலாம். வட்டியை நாடாதவர் அதனை நடப்புக் கணக்காகவே திறக்கலாம். ஊரிலிருக்கும் மனைவியையோ பெற்றோரையோ ‘முன்னவர் அல்லது எஞ்சியவர்’ என்ற முறையில் உடன் சேர்க்கவும் இடமுண்டு. வாரிசு நியமனத்தில் பெயர் குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே, உரிமையாளர் அல்லர். பங்கு உரியவர்களுக்கே சேரும். இதை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

ஃபிக்ஹில் ‘ஹவாலா’ என்பது ஒருவர் தம் கடனை மற்றொருவர் பொறுப்பில் மாற்றிக் கொடுப்பது. இன்று அப்பெயரால் நடப்பதில் ஏடும் இல்லை, சாட்சியும் இல்லை. 1999இன் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி அது சட்டமீறல். பணம் தொலைந்தால் முறையிட இடமும் இல்லை. சில ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதென்று அதை நாடுவோர், அன்றைய வணிகர் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு பணத்தை ஒப்படைத்ததை எண்ணிப் பார்க்கட்டும்.

சபுருக்குப் புறப்படும் பிள்ளைக்குத் துஆச் செய்து வழியனுப்புகிறோம். ஊறுகாயும் பலகாரமும் கட்டிக் கொடுக்கிறோம். அதற்கு முன்னதாக ஒருநாள், அவனையும் அவன் மனைவியையும் வங்கிக்கு அழைத்துச் சென்று வருவோமாக.