கப்பலேறிப் போனவர்களைக் கண்ட விளக்கு

மலர்க் குழுவினர், "நீங்க வரலாறு படிச்சவராச்சே, ஏதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டதும் புதுச்சேரி கடற்கரையில் நிற்கும் பழைய கலங்கரை விளக்கம்தான் நினைவுக்கு வந்தது. காரைக்கால் மலரில் புதுச்சேரி விளக்கத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

கல்லூரி நாட்களில் சுற்றுலா போனபோதே அதைப் பார்த்திருக்கிறோம். பார்த்தோம் என்பதும் பொய். காந்தி சிலை முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். எதிரே இருந்த விளக்கத்தை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. 1979இல் புது விளக்கம் வந்ததோடு இதன் வேலை முடிந்துபோயிற்று. காரை பெயர்ந்து, அழுக்கேறிக் கிடந்தது.

சென்ற ஆண்டு பேரனோடு மறுபடியும் போனேன். பழுது பார்த்து, வெள்ளை பூசி, கல்யாண வீட்டுப் பந்தக்கால் மாதிரி நிற்கிறது! ஏறிப் பார்க்க வாய்ப்புக் கிட்டவில்லை. "தாத்தா, இதுல லைட் எரியுமா?" என்றான் பேரன். எரிந்த கதையைச் சொன்னேன்.

நம் சோழமண்டலக் கடற்கரை தட்டையானது. மலை கிடையாது, இயற்கைத் துறைமுகம் கிடையாது. இரவில் வரும் கப்பலுக்குக் கரை எங்கே என்றே தெரியாது. பெரிய கப்பல்கள் அலைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகில்தான் போய்வர வேண்டும். அதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கோபுரத்தைக் கட்டி, 1836 ஜூலை 1ஆம் தேதி விளக்கேற்றினார்கள்.

வந்த கப்பல்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். போன கப்பல்களில் யார் போனார்கள்?

எங்கள் அப்பாயி ஒரு கதை சொல்லும். அவர் மாமனாருக்குச் சித்தப்பா ஒருவர். "மேஸ்திரி வந்து சீனியும் துணியும் காட்டுனானாம். காரைக்கால்ல கப்பலேறுனவருதான். புர்போனுக்குப் போனாருன்னாங்க. ஒரு காயிதம் கிடையாது." அத்தோடு கதை முடியும். புர்போன் என்பது இன்றைய ரெயூனியன் தீவு. அது வெறும் வீட்டுக் கதை என்றுதான் அந்நாளில் நினைத்திருந்தேன்.

1848இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைச் சேர்த்தார்கள். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853 மே 6இல் மார்த்தினிக் தீவில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1854 டிசம்பரில் அதே பெயர் குவாதலூப்பிலும் வருகிறது. 1861இல் ஆங்கிலேயரோடு ஓர் ஒப்பந்தம். அதற்குப் பிறகு ஆங்கிலேய ஆட்சியிலிருந்த தஞ்சாவூர்ச் சீமைக் கூலிகளும் சட்டப்படியே பிரெஞ்சுத் துறைகளிலிருந்து கப்பலேறலாம் என்றாயிற்று. அது கையெழுத்தான நாளும் ஜூலை 1! விளக்கேற்றிச் சரியாக 25 ஆண்டு. ரெயூனியனுக்கு 1882 வரையிலும், மேற்கிந்தியத் தீவுகளுக்கு 1888 வரையிலும் இந்த ஆள் சேர்ப்பு நடந்தது. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மார்த்தினிக்குக்குச் சுமார் 25,000 பேர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மூன்று மாதக் கடல் பயணம். பெரும்பாலோர் திரும்பவேயில்லை.

இவர்களில் பலருக்குக் கரையைவிட்டுப் போகும்போது கடைசியாகக் கண்ணில் பட்டது அந்த வெளிச்சமாகத்தான் இருந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனாலும் அங்கே நின்றபோது வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை.

போனவர்கள் அழிந்துவிடவும் இல்லை. குவாதலூப்பில் இன்றும் மாரியம்மனுக்குக் கோயில் இருக்கிறது. அங்கே 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்தியர் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் உண்டென்று 1904இல் வழக்குக்கு நின்று 1923 வரை விடாமல் போராடி வென்றார். எத்தனை பாடப் புத்தகத்தில் நாம் அவரைப் படித்தோம்? நான் படித்ததில்லை. நெப்போலியன் தோற்ற போர்கள் மட்டும் வரிசையாக மனப்பாடம்.

பேரன் எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தத் தாத்தா பேரு என்ன?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அப்பாயியிடம் நான் கேட்டதே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் தெரிந்தால் தேட வழியுண்டு. பிரெஞ்சிந்தியப் பதிவேடுகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயரே இல்லாமல் எதை வைத்துத் தேடுவது?

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவி, கோட்டுச்சேரி எந்த ஊரானாலும் சரி, வீட்டுப் பெரியவர்களிடம் "நம்ம குடும்பத்துல யாராச்சும் கப்பலேறிப் போனாங்களா?" என்று கேளுங்கள். சொன்ன பெயரை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஆண்டு விழா அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்தில்தான் இருப்பேன்.