குழாயும் பம்ப் அறையும்: உள் மெத்தட்களை மறைத்த வரலாறு

சேத்தியாத்தோப்பு நீரேற்று நிலையத்திலிருந்து வீராணம் ஏரி நீர் வடக்குத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏறுகிறது. அங்கிருந்து காடாம்புலியூர்த் தொட்டிக்குப் போய், பிறகு சரிவிலேயே ஓடிச் சென்னையின் போரூரை அடைகிறது. ஏறத்தாழ 235 கி.மீ. பயணம். 2004இல் நடைமுறைக்கு வந்த புதிய வீராணம் திட்டத்தின் வழி இது. சென்னை வீட்டில் குழாயைத் திறப்பவருக்கு இதில் எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஏரி வறண்ட காலங்களில் நெய்வேலிப் பகுதிக் கிணற்று நீரும் இதே வழியில் போனது. வீட்டுக் குழாயின் திருகை யாரும் மாற்றவில்லை. கணினி நிரலில் ஒரு கிளாஸின் உள் மெத்தட்களை மறைப்பதும் இதற்காகத்தான். உள்ளே இருப்பது நாளை மாறும். வெளியே இருப்பவர் அதை நம்பி எதையும் கட்டிவிடக் கூடாது.

ஆனால் கிளாஸ் பிறந்தபோது மறைப்பு உடன்பிறக்கவில்லை. ஆஸ்லோவில் ஓலே-யோகான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் ஆப்ஜெக்டின் உறுப்புகள் எல்லோருக்கும் திறந்தே கிடந்தன. 1972இல் டேவிட் பார்னாஸ் எழுதிய கட்டுரை, சொல்லடைவு தயாரிக்கும் ஒரு சிறு நிரலை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டியது. ஒன்று, வேலை நடக்கும் வரிசைப்படி. மற்றொன்று, மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் ஒளித்து. இரண்டாவதில், வரிகள் நினைவகத்தில் எப்படிக் கிடக்கின்றன என்பது ஒரே மாட்யூலுக்குத்தான் தெரியும். பார்னாஸின் பேச்சு மாட்யூலைப் பற்றியது, கிளாஸைப் பற்றியதல்ல. 1970களில் சிமுலாவுக்கும் மறைப்புச் சொற்கள் வந்தன. 1979இல் வேலை தொடங்கிய சி++ வழியாகப் ‘பிரைவேட்’ என்ற சொல் பரவியது.

இன்னொரு ஊற்று எடின்பரோவில். ராபின் மில்னரின் குழு 1970களில் தேற்றங்களை நிறுவும் எல்.சி.எஃப். கருவியை உருவாக்கியபோது, அதை இயக்க எம்.எல். மொழி பிறந்தது. அதில் ‘தேற்றம்’ ஒரு டைப். அந்த டைப்பில் ஒரு மதிப்பை உண்டாக்கும் உரிமை, அடிப்படைக் கோள்களுக்கும் அனுமான விதிகளாக எழுதப்பட்ட சில ஃபங்ஷன்களுக்கும் மட்டுமே. உள்ளமைப்பு மறைந்திருப்பதால் பொய்த் தேற்றத்தை எவரும் புனைய முடியாது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இது. இங்கே மறைப்பு உண்மைக்கே காவல். 1984இல் டேவிட் மெக்வீன் ஸ்டாண்டர்டு எம்.எல்.லுக்கு வகுத்த மாட்யூல் அமைப்பில் இது விரிந்தது: மாட்யூலின் வெளிமுகத்தைச் சொல்லும் சிக்னேச்சரில் எழுதாதது வெளியாருக்கு இல்லவே இல்லை.

இரண்டு ஊற்றும் இன்று தமிழ்நாட்டு மாணவருக்குக் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் ஜாவா, ஹாஸ்கெல் இரண்டையும் இணையவழிப் பாடங்களில் கற்பித்திருக்கிறார். ஜாவாவில் மறைப்பு மெத்தட்டின் தலையிலேயே எழுதப்படுகிறது. ஹாஸ்கெலில் மாட்யூலின் ஏற்றுமதிப் பட்டியலில் இருக்கிறது.

கிளாஸ், எம்.எல். மாட்யூல் என்ற இவ்விரு ஊற்றுகளும் ஒன்றாகக் கலந்தது 1996இல், பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அப்ஜெக்டிவ் கேமல் மொழியில். டிடியே ரெமியும் ஜெரோம் வுய்யோனும் அமைத்த அதன் ஆப்ஜெக்ட் பகுதியில் ‘பிரைவேட்’ மெத்தட்டை அந்த ஆப்ஜெக்ட் தன்னைத்தானே அழைக்கும்போது மட்டுமே பயன்படுத்தலாம். அதே கிளாஸின் வேறோர் ஆப்ஜெக்டால்கூட அதைத் தொட முடியாது; ஜாவாவில் முடியும். ஆனால் வழித்தோன்றும் கிளாஸுக்கு அது தெரியும், அங்கே அதைப் பொதுவாக்கவும் செய்யலாம். ஆகவே ‘பிரைவேட்’ பாதி மறைப்புதான். மீதியைச் சிக்னேச்சர் செய்கிறது. கிளாஸின் டைப்பில் அந்தப் பெயரை எழுதாமல் விட்டால் வழித்தோன்றலுக்கும் அது மறைந்துவிடும். அங்கே அதே பெயரில் புது மெத்தட் எழுதினாலும் பழையதோடு மோதாது.

பொது மெத்தட்டை மட்டும் இப்படி மறைக்க முடியாது. ஆப்ஜெக்ட் தன்னையே வேறோர் ஃபங்ஷனிடம் கொடுத்திருக்கலாம். அந்த ஃபங்ஷன் அப்பெயரைச் சொல்லி அழைக்கும். வழித்தோன்றல் அதே பெயருக்கு வேறு டைப் கொடுத்துவிட்டால் அந்த அழைப்பு உடையும். கிளாஸில் முடியாத இதை ஆப்ஜெக்டில் செய்யலாம்: அதைக் குறைந்த மெத்தட்கள் கொண்ட டைப்பாகச் சுருக்கித் தரலாம். சுருக்கியதை மீண்டும் விரிக்க அந்த மொழி வழி வைக்கவில்லை.