மோட்டார் வண்டியும் உறைபனியும்

மட்டக்களப்புக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த வாகரைப் பகுதியில் மார்கழியும் தையுமே குளிர்காலம். அம்மாதங்களில் வாடைக்காற்று வீசும். வயதானவர்கள் துவாயைக் காதோடு சேர்த்துத் தலையிற் கட்டிக்கொள்வார்கள். எனினும் அங்கு வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. இரவு முழுவதும் முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் இருக்கையிலும், அதிகாலைப் பஸ்ஸின் முன்கண்ணாடியிலும் பனி படிந்திருக்கும். அதனைப் பழந்துணி ஒன்றினால் துடைத்துவிட்டுச் சாரதி புறப்பட்டுவிடுவார். அப்பகுதியிலுள்ள பனிச்சங்கேணியின் பெயரிலே பனி என்னும் ஒலி இருந்தபோதிலும், உறைந்த பனியை அவ்வூர் கண்டதில்லை.

துடைத்துவிட்டுப் புறப்படும் அந்தச் சிறு வேலை, குளிர்நாடுகளில் வேறு உருவம் கொள்கிறது. அங்கே துணி பயன்படாது. கண்ணாடியை இறுகப் பற்றிக்கொண்ட பனிக்கட்டியைச் சுரண்டியே அகற்றவேண்டும். அற்பமாகத் தோன்றும் இவ்வேலையின் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. ஒரு பெண்மணியின் கூர்ந்த நோக்கும், இரசாயன அறிவும், பூமிக்கடியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் உப்பும், நாட்டின் சட்டமும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து இலங்கைத் தமிழர் பலரும் அதிற் பங்காளராகியுள்ளனர்.

தமிழில் பனி என்ற சொல் மிகப் பழையது. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த தமிழ் மரபு, அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி எனப் பனியின் பெயரையே இட்டது. ஆனால் அந்தப் பனி, புல்லிலும் இலையிலும் நீர்த்துளியாக நிற்கும் பனி. வானிலிருந்து பஞ்சுபோல விழுவது, கண்ணாடியில் உப்புப் பூத்தாற்போலப் படிவது, மழையாகப் பெய்து தொட்ட இடத்திலேயே உறைவது என்னும் மூன்றையும் அன்றாடப் பேச்சிற் பிரித்துச் சொல்லவேண்டிய தேவை கரையோரத் தமிழருக்கு இருந்ததில்லை. குளிர்நாட்டில் வாழ்வோர்க்கு அத்தேவை உண்டு. இவற்றை முறையே வெண்பனி, உறைபனி, உறைமழை எனலாம். வெண்பனியைத் தூரிகையால் தள்ளிவிடலாம். உறைபனியைச் சுரண்டவேண்டும். உறைமழை பெய்த மறுநாளிலோ, வண்டியின் கதவைத் திறப்பதே பெரும்பாடாகிவிடும்.

உறைபனி உண்டாகும் முறை எளிதில் விளங்கத்தக்கது. மேகமற்று, காற்றும் அடங்கிய இரவுகளில் தரையும் மரமும் வண்டியும் தத்தம் வெப்பத்தை வானவெளிக்கு இழக்கின்றன. வண்டியின் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்துபோகிறது. அது உறைநிலைக்குக் கீழே சென்றதும், காற்றிலுள்ள நீராவி நீராக மாறாமலே நேரே பனித்துகள்களாகக் கண்ணாடியிற் படிகிறது. ஆதலாற் காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் இரவிலுங்கூட உறைபனி தோன்றக்கூடும். கொட்டகையில் நின்ற வண்டி தப்பிக்கொள்வதும், வெட்டவெளியில் நின்ற வண்டி வெண்மை பூசி நிற்பதும் இக்காரணம் பற்றியே.

இலங்கையில் இதனைக் காண விரும்புவோர் நுவரெலியாவுக்குச் செல்லவேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில், சனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகள் சிலவற்றில் வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். விடிந்ததும் புற்றரைகள் வெளுத்துக் கிடக்கும். தேயிலைத் தளிரும் காய்கறிச் செடியும் கருகும். கண்ணாடியிற் படியும் மெல்லிய படலமோ வெயில் ஏறியதும் கரைந்து மறையும். ஆகவே அங்கு உறைபனி தோட்டங்களில் உழைப்போர்க்குக் கவலை; சாரதிக்கு வெறும் தாமதமே.

கரையோர மக்களுக்கோ பனிக்கட்டி காசு கொடுத்து வாங்கும் பொருள். பிடித்த மீன் கெடாமற் சந்தையைச் சேர வேண்டுமானால் ஐஸ் இன்றியமையாதது. யந்திரத்தால் ஐஸ் செய்யும் முறை பரவுமுன், அது இந்தியாவுக்குக் கப்பலிலே வந்தது. பிரெடெரிக் ரியூடர் என்ற அமெரிக்க வணிகர், 1833ஆம் ஆண்டில் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 180 தொன் ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்தின் முடிவில் நூறு தொன் அளவு உருகாமல் எஞ்சியிருந்தது. 1842இற் சென்னைக் கடற்கரையில் அவருடைய நிறுவனம் ஐஸ் களஞ்சியம் ஒன்றை எழுப்பியது. ஐஸ் ஹவுஸ் எனப்பட்ட அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. அக்காலத்தில் ஐஸை உருகவிடாமற் காப்பதே வணிகரின் கவலையாக இருந்தது. அந்த ஐஸ் புறப்பட்ட நாட்டிலேயே, அடுத்த நூற்றாண்டில் மோட்டார் வண்டி பெருகியபோது, அதனை எவ்வாறு விரைவில் அகற்றுவது என்பது கவலையாயிற்று.

தொடக்க காலத்து மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலானவை பக்கங்கள் திறந்தவை. குளிர்நாடுகளிற் பலர் பனிக்காலம் முழுவதும் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, சில்லுகள் தரையிற் படாதபடி முட்டுக்கொடுத்து வைத்தனர். வெளியே செல்லக் குதிரை பூட்டிய சறுக்குவண்டியே உதவியது. ஐக்கிய அமெரிக்காவில் 1919ஆம் ஆண்டளவிற் பத்துக் கார்களில் ஒன்றே மூடிய காராக இருந்தது. 1929ஆம் ஆண்டளவிற் பத்தில் ஒன்பது மூடிய கார்களாயின. கார் மூடப்பட்டதும் ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. ஆனால் சாரதி இப்போது தெருவைக் கண்ணாடி வழியாக மட்டுமே காணவேண்டியவரானார். அக்கண்ணாடி மறைந்தால் அவர் கண்ணிருந்தும் காணாதவரே.

இத்தொல்லையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒருவர் கவனித்திருந்தார். அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்னும் பெண்மணி, ஒரு பனிக்காலத்தில் நியூயோர்க் நகருக்குச் சென்றிருந்தார். அங்கு டிராம் வண்டியின் சாரதி, ஆலங்கட்டி கலந்த மழையிலே முன்கண்ணாடியைத் திறந்துவைத்து, குளிரில் நடுங்கியபடி வண்டியைச் செலுத்துவதைக் கண்டார். உள்ளேயிருந்து ஒரு கைபிடியை அசைத்தால் வெளியே ரப்பர் பொருத்திய தடி கண்ணாடியைத் துடைக்கும்படியாக ஒரு கருவியை அவர் வகுத்தார். 1903 நவம்பர் 10ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் மொன்றியல் நகரத்து நிறுவனம் ஒன்று, அதில் வாணிப மதிப்பில்லை எனக் கூறி வாங்க மறுத்தது. 1920இற் காப்புரிமைக் காலம் முடிவுற்றது. 1922இல் கடிலாக் நிறுவனம் தன் கார்களிலெல்லாம் துடைப்பானைப் பொருத்தத் தொடங்கியது. வைப்பர் இல்லாத வண்டி இன்று எந்நாட்டிலும் அரிது. அதனை வகுத்தவருக்கோ அதனாற் பொருள் கிட்டவில்லை.

கண்ணாடிக்கு வெளியே இவ்வாறாக, எஞ்சினுக்குள்ளேயும் ஒரு போராட்டம் நடந்தது. நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் இரவில் உறைந்தால் இரும்பே வெடித்துவிடும். அதற்கஞ்சி, இரவில் அந்நீரை வடித்துவிட்டுக் காலையில் மீண்டும் ஊற்றுவதுண்டு. சாராய வகைகளை நீரோடு கலந்தும் பார்த்தனர். எஞ்சினின் சூட்டில் அவை ஆவியாகி மறைந்தன. எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவம் 1927இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபின் அத்தொல்லை நீங்கியது. நீருடன் சம அளவிற் கலந்தால் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 37 பாகை வரையிலும் அது உறைவதில்லை. ஆயினும் அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிறுவர்க்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்கவேண்டியது. பின்னர், வட டக்கோட்டா மாநிலத்தைச் சேர்ந்த அண்ட்ரூ ஃபிறீமன், இரவு முழுவதும் எஞ்சினை மின்சாரத்தால் இளஞ்சூட்டில் வைத்திருக்கும் சாதனம் ஒன்றுக்கு 1949இற் காப்புரிமை பெற்றார். எஞ்சினின் வெப்பத்தை முன்கண்ணாடியில் ஊதும் அமைப்பும், பின்கண்ணாடியில் ஓடும் மெல்லிய மின்கம்பிகளும் காலப்போக்கிற் கார்களின் வழக்கமான உறுப்புகளாயின.

வண்டி புறப்பட்டாற் போதாது. தெருவும் வழிவிட வேண்டும். இங்கேதான் உப்பு வருகிறது. நீரில் உப்புக் கரைந்தால் அதன் உறைநிலை தாழும். உப்பு நிறைந்த கரைசல் உறைநிலைக்குக் கீழே 21 பாகை வரையும் நீராகவே இருக்கும். அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலம் 1938இல் தெருக்களில் உப்புத் தூவிச் சோதனை செய்தது; சில ஆண்டுகளில் அதனை ஒழுங்கான முறையாக்கியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கொட்ரிச் என்னும் ஊரில், கியூரன் ஏரியின் அடியில் 500 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் உப்புச் சுரங்கம் ஒன்று 1959 முதல் இயங்கி வருகிறது. உலகிலுள்ள நிலத்தடி உப்புச் சுரங்கங்களுள் அதுவே மிகப் பெரியதெனக் கூறுவர். கடல்நீரைப் பாத்தி கட்டி வெயிலில் வற்றவைத்து உப்பு விளைவிக்கும் ஆனையிறவையும் நிலாவெளியையும் அறிந்த தமிழருக்கு, உணவுக்கன்றித் தெருவுக்கென்றே உப்பு வெட்டும் செய்தி வியப்பளிக்கலாம். அவ்வுப்பு உயிர்களைக் காக்கிறது என்பது உண்மை. அது வண்டியின் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்து, ஆறுகளிலும் ஏரிகளிலும் கலந்து நன்னீர் உயிர்களுக்குக் கேடு செய்கிறது என்பதும் உண்மையே.

இத்தகைய நாட்டிற்குத்தான், 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தின் பின்னர், இலங்கைத் தமிழர் பெருந்தொகையாகக் குடிபெயர்ந்தனர். 1986 ஆகஸ்டு 11ஆம் நாள், நியூபவுண்ட்லாந்துத் தீவுக்கு அப்பால், திறந்த உயிர்காப்புப் படகுகள் இரண்டில் 155 தமிழர் மிதந்துகொண்டிருந்தனர். கஸ் டோல்ற்றன் என்னும் கனேடிய மீன்பிடிக் கப்டன் அவர்களைக் கண்டு உதவினார். அவர்கள் கரையேறியது கோடைகாலம். ஆண்டு முடியுமுன்னரே அவர்களும் முதற் பனிக்காலத்தைக் கண்டனர். அவர்களுக்கு முன்னும் பின்னும் வந்த ஆயிரக்கணக்கானோர் ரொறன்ரோவிலும், இன்று அதன் பகுதியாயுள்ள ஸ்காபரோவிலும், அயலிலுள்ள மார்க்கத்திலும் குடியமர்ந்தனர். அங்கே சனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்வது வழக்கம். சில இரவுகளில் 20 பாகைக்கும் கீழே இறங்கும்.

ரொறன்ரோவிற் பனிக்காலத்துக் காலை ஆறு மணியாகும்போது இலங்கையில் மாலை நாலரை மணி. வாகரைக் கரையில் ஒருவர் இரவுத் தொழிலுக்கு வலையை ஒழுங்குசெய்யும் அதே வேளையில், அங்கே அவர் உறவினர் ஒருவர் கையுறை அணிந்து, சுரண்டியுடன் வண்டியருகே நிற்கக்கூடும். தொழிற்சாலைக்கு உரிய நேரத்திற் போய்ச் சேராவிட்டாற் கூலி குறையும். அவசரத்திற் கண்ணாடியில் ஒரு கையகல இடத்தை மட்டும் சுரண்டி, அத்துளை வழியே பார்த்துக்கொண்டு புறப்பட மனம் தூண்டும். பாதசாரியையும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையையும், பக்கத்துத் தெருவிலிருந்து வரும் வண்டியையும் அத்துளை காட்டாது. அதனாலேதான் முன்னும் பின்னும் பக்கங்களிலும் சாரதிக்குத் தெளிவான பார்வை இருக்கவேண்டுமென ஒன்ராறியோவின் போக்குவரத்துச் சட்டம் விதிக்கிறது.

சூடான நீரை ஊற்றினால் வேலை எளிதாகுமெனப் புதியவர்கள் எண்ணக்கூடும். குளிர்ந்த கண்ணாடியின் ஒரு பகுதி மட்டும் திடீரென வெப்பமேறி விரிவதால் அது வெடித்துப் பிளக்கலாம். ஊற்றிய நீரும் தரையில் உறைந்து வழுக்கும். பனியிற் புதைந்த வண்டியை இயக்கி, உள்ளே அமர்ந்து குளிர்காய்வதோ உயிருக்கே ஆபத்து. புகைபோக்கிக் குழாயைப் பனி அடைத்திருந்தால், காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நச்சுவாயு உள்ளே புகுந்துவிடும். குழாயைச் சுற்றிய பனியை முதலில் அகற்றுதல் வேண்டும். கூரைமேற் குவிந்த பனியையும் தள்ளிவிட வேண்டும்; இல்லையேல், வண்டி விரையும்போது அது பாளமாகப் பெயர்ந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும்.

எல்லா வசதிகளும் பெருகிய பின்னரும் இயற்கை மனிதனைத் தடுத்து நிறுத்துவதுண்டு. 2013 டிசம்பர் 21, 22ஆம் நாள்களில் ரொறன்ரோவில் உறைமழை பெய்தது. மரக்கிளைகள் பனிப்பாரத்தால் முறிந்து மின்கம்பிகள்மேல் வீழ்ந்தன. அந்நகரில் ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. கார்கள் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தாற்போலத் தெருவோரங்களில் நின்றன. அத்தகைய காலையிற் செய்யத்தக்கது, வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, அயலிலுள்ள முதியோரின் நலம் விசாரிப்பதே.

2016ஆம் ஆண்டிற் கனடாவின் நாடாளுமன்றம் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. தைப்பொங்கல் அத்திங்களில் வருவதே அதற்குப் பொருத்தம். அதுவே அந்நாட்டிற் கடுங்குளிர்த் திங்களுமாகும். உழவுக்கு உதவிய கதிரவனை வணங்கும் அத்திருநாளிலும், அங்குள்ள தமிழர் கண்ணாடியைச் சுரண்டிய பின்னரே கோயிலுக்குப் புறப்படவேண்டியிருக்கிறது.

துடைப்பானும் உறையாத் திரவமும் மின்சூடும் உப்பும் தத்தம் பங்கைச் செய்துவிட்டன. வீட்டினுள் நின்றபடியே எஞ்சினை இயக்கும் சாதனமும் வந்துவிட்டது. ஆயினும் கண்ணாடி முழுவதும் தெளியும்வரை பொறுத்திருக்கும் பத்து நிமிடங்களை எந்த யந்திரமும் சாரதிக்கு ஈட்டித் தரவில்லை. அவர் அவ்வளவு முன்னதாகத் துயிலெழ வேண்டும். தெருவிற் செல்லும் பிறருக்கு அவர் செய்யத்தக்க உதவியும் அதுவே.